அனுபவித்து வரவேண்டியது

என் அப்பாவின் உயிலில் அம்மாவுக்கு ஒரே ஒரு வாக்கியம் இருக்கிறது. காளவாசலில் உள்ள எங்கள் வீட்டை, "என் மனைவி தன் ஆயுட்காலம் வரை யாதொரு வில்லங்கமும் பராதீனமும் செய்யாமல் அனுபவித்து வரவேண்டியது" என்கிறது அது. அடுத்த வாக்கியம் என் தம்பிக்கு. அம்மாவின் காலத்துக்குப் பிறகு அதே வீட்டை அவன் "சர்வ சுதந்திர பாத்தியத்துடன் புத்திர பவுத்திர பாரம்பரியமாய் தானாதி வினிமய விற்கிரயங்களுக்கு யோக்கியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது." எனக்கென்று வாக்கியம் இல்லை. ஒரு துணைத்தொடரில் வருகிறேன்: "என் மகளுக்குச் சீர்செனத்திகள் செய்து கல்யாணமும் செய்துகொடுத்துவிட்டபடியால்."

அப்பா கெட்டவர் அல்ல. நான் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தபோது ஊரெல்லாம் சொல்லி மகிழ்ந்தவர். இந்த வாக்கியங்களை எழுதியவரும் அவர் அல்ல. பத்திர எழுத்தர் ஒருவர் தன் குருநாதரிடம் கற்று, அந்தக் குருநாதர் தன் குருநாதரிடம் கற்று, கைமாறி வந்த வாக்கியங்கள் இவை. மதுரையில் எந்தப் பதிவு அலுவலகத்தின் எதிரிலும் மரத்தடியில் உட்கார்ந்து கேட்டால் இதே சொற்கள் இதே வரிசையில் விழும். நாட்டுப்புறப் பாடலுக்கு ஆசிரியர் இல்லை என்று வகுப்பில் சொல்கிறோமே, அதுபோல இதற்கும் ஆசிரியர் இல்லை. அதனால்தான் இதை ஓர் இலக்கியப் பிரதியைப் படிப்பதுபோல் படித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது.

இலக்கணத்திலிருந்து தொடங்குகிறேன். இரண்டு வாக்கியங்களிலும் 'அனுபவித்து' என்ற வினையெச்சம் இருக்கிறது. அதைத் தொடரும் துணைவினைதான் வேறு. அம்மாவுக்கு 'வா': அனுபவித்து வரவேண்டியது. தம்பிக்கு 'கொள்': அனுபவித்துக்கொள்ள வேண்டியது. 'வா' ஒரு செயல் தொடர்ந்து நடப்பதை மட்டும் சொல்லும். 'கொள்' அந்தச் செயலின் பயன் செய்பவரையே சேர்வதைச் சொல்லும். சமைத்து வந்தாள் என்பதற்கும் சமைத்துக்கொண்டாள் என்பதற்கும் உள்ள வித்தியாசம் இது. போதாததற்குத் தம்பிக்கு 'ஆண்டு' என்ற இன்னொரு வினையும் முன்னால் நிற்கிறது. மீனாட்சி ஆளும் ஊர் என்று சித்திரை மாதம் முழுக்கப் பேசுகிறோம். பத்திரத்தில் 'ஆண்டு' என்ற வினை மகனுக்குத்தான்.

'பராதீனம்' இன்னும் வேடிக்கையான சொல். பத்திர மொழியில் அதற்கு விற்பது, அடமானம் வைப்பது, பிறர் வசம் கொடுப்பது என்று பொருள். அகராதியைப் பார்த்தால் பிறருக்கு வசப்பட்டிருத்தல் என்றும் இருக்கும். வாழ்நாள் முழுக்கப் பராதீனமாய் இருந்த பெண்ணைப் பார்த்து, நீ பராதீனம் செய்யக்கூடாது என்கிறது பத்திரம்.

கோயில் கல்வெட்டுகளில் நிலமோ பொன்னோ கொடுத்தவர்கள் அந்தக் கொடை 'சந்திராதித்தவல்' நிற்க வேண்டும் என்று வெட்டி வைத்தார்கள். சந்திரனும் சூரியனும் உள்ளவரை. அப்படிக் கொடுத்தவர்களில் பெண்களும் உண்டு. செம்பியன் மாதேவியும் குந்தவையும் எல்லோருக்கும் தெரிந்த பெயர்கள். அரசகுலம் சாராத பெண்களின் பெயர்களும் கல்லில் இருக்கின்றன. ஒரு விளக்குக்கு நெய் ஊற்றுவதற்கான கொடை சந்திரன் உள்ளவரை. நாற்பது வருடம் அடுப்பு எரித்தவளுக்கு அவள் மூச்சு உள்ளவரை.

இன்னொரு சொல்லையும் விட்டுவிட முடியாது. வீடு அப்பாவின் 'சுயார்ஜிதம்' என்கிறது உயில். தானே சம்பாதித்தது. காளவாசல் என்றால் சூளை. இன்று மேம்பாலமும் ஜவுளிக்கடைகளும் இருக்கும் இந்தப் பக்கத்தில் அப்பா மனை வாங்கிய 1986இல் அம்மாவின் எட்டுப் பவுன் சங்கிலி விற்கப்பட்டது. அஸ்திவாரம் போட்ட அன்று அவள் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும்தான் இருந்தது என்பதைச் சின்ன வயதிலிருந்து கதையாகக் கேட்டிருக்கிறேன். அந்த எட்டுப் பவுனும் 'சுயார்ஜிதம்' என்ற ஒரே சொல்லுக்குள் போய் மறைந்துவிட்டது.

சட்டம் மாறிவிட்டதே, இனியும் இந்த வாக்கியங்களால் என்ன ஆகிவிடும் என்று மாணவிகள் கேட்பார்கள். சட்டம் மாறிய கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெண்ணுக்கு ஆணுக்குச் சமமான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 1937இல் வந்த சட்டம் இந்து விதவைக்குக் கணவன் சொத்தில் பங்கு கொடுத்தது. ஆனால் அது உயிரோடு இருக்கும்வரை மட்டுமே. விற்கவோ யாருக்கும் கொடுக்கவோ அவளுக்குப் பொதுவாக அதிகாரம் இல்லை. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14ஆவது பிரிவு அந்த அரைகுறை உரிமையை ஒழித்து, பெண்ணின் சொத்து அவளுக்கு முழுச் சொத்து என்றது. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25இலிருந்து மகளும் பிறப்பாலேயே பூர்வீகச் சொத்தில் பங்காளி ஆனாள். அன்றைக்கு முன்பே கல்யாணம் ஆகியிருந்தால் கிடையாது. ஒரே வீட்டில் அக்காவுக்கு இல்லை, தங்கைக்கு உண்டு என்று ஆன குடும்பங்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. 2005 செப்டம்பர் 9இல் அமலுக்கு வந்த மத்தியத் திருத்தம் அந்தக் கல்யாணக் கணக்கை எடுத்தது. அந்த நாளில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை, மகளின் உரிமை பிறப்பிலேயே வந்தது என்று 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

செங்கல்பட்டிலிருந்து எண்ணினால் தொண்ணூற்றொரு வருடம். இதற்கு நடுவே திறந்தே கிடந்த கதவுதான் உயில். 1956க்கு முன் மிதாட்சர முறையில் கூட்டுக்குடும்பச் சொத்தில் தன் பங்கை ஒருவர் உயில் எழுத முடியாது. மகளுக்கு வாரிசுரிமை கொடுத்த அதே சட்டத்தின் 30ஆவது பிரிவு, அப்பாவுக்கு அந்த உயில் அதிகாரத்தையும் கொடுத்தது. சுயார்ஜிதம் என்றால் கேட்கவே வேண்டாம், யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். உயில் எழுதாமல் இறந்தால் சட்டம் மகளைத் தேடி வருகிறது; எழுதிவிட்டால் சட்டம் வாசலிலேயே நின்றுவிடுகிறது. எல்லாச் சட்டங்களும் இப்படி அல்ல. இஸ்லாமியச் சட்டத்தில் மகளுக்கு மகனின் பங்கில் பாதிதான் என்ற குறை உண்டு. ஆனால் மற்ற வாரிசுகள் சம்மதிக்காமல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது. பிரான்சில் இரண்டு பிள்ளைகள் இருந்தால் சொத்தில் மூன்றில் இரண்டு பங்கு அவர்களுக்கென ஒதுக்கப்பட்டது, பெற்றவர் அதில் கை வைக்க முடியாது. நம் சட்டத்தில் அப்படி ஒதுக்கிய பங்கு எதுவும் இல்லை.

1956இல் ஒழிக்கப்பட்ட விதவையின் அரைச்சொத்து எப்படித் திரும்பி வந்தது என்பதையும் பாருங்கள். அதே 14ஆவது பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, உயிலோ தானப் பத்திரமோ வரையறையோடு கொடுத்தால் அந்த வரையறை செல்லும் என்கிறது. "ஆயுட்காலம் வரை" என்ற இரண்டு சொல் போதும். 1977இல் துளசம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு ஓர் அணை கட்டியது: ஜீவனாம்ச உரிமை முன்பே உள்ள பெண்ணுக்கு அதற்கு ஈடாகக் கொடுத்த சொத்து, பத்திரம் எப்படி எழுதப்பட்டிருந்தாலும், முழுச் சொத்துதான். பிறகு வந்த தீர்ப்புகள் சில அந்தப் பக்கமும் சில இந்தப் பக்கமும் போக, 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இந்தக் குழப்பத்தைத் தீர்க்கும்படி பெரிய அமர்வுக்கு அனுப்பியது. என் அம்மா வீட்டுக்காரியா குடியிருப்பவளா என்ற கேள்விக்குள் இத்தனை இருக்கிறது. அவளுக்கு இது தெரியாது. வாசல் தெளித்துக் கோலம் போடுகிறாள்.

ஒரு பருவத்தில் முதுகலை மாணவிகளிடம் வீட்டில் உள்ள பழைய பத்திரம் ஒன்றைப் படித்து அதன் மொழியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி வரச் சொன்னேன். பாதிப் பேர் எழுதவில்லை. சோம்பலால் அல்ல. "பீரோ சாவி அண்ணன்கிட்ட இருக்கு மேடம்." "எதுக்கு இப்பப் பத்திரத்தக் கேக்குறேன்னு அப்பா சண்டை போட்டாரு மேடம்." உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒருத்தி மட்டும் தன் அப்பத்தாவின் விடுதலைப் பத்திரத்தைக் கைபேசியில் படம் எடுத்து வந்திருந்தாள். கைநாட்டு. கைநாட்டுக்கு மேலே, 'படித்துப் பார்த்தும் படிக்கச் சொல்லிக் கேட்டும் மனப்பூர்வமாகச் சம்மதித்து' என்று எழுதியிருந்தது.

விடுதலைப் பத்திரம். இந்தப் பெயரைப் பற்றி நான் நிதானமாக எழுத முடியாது. பெண் விடுதலை என்று மேடையில் பேசுகிறோம். பதிவு அலுவலகத்தில் விடுதலை என்றால் அக்கா தங்கைகள் தங்கள் பங்கை அண்ணன் தம்பிக்கு விட்டுக்கொடுப்பது. குடும்பத்துக்குள் செய்தால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம்; அதற்கும் உச்சவரம்பு உண்டு, 2023 ஜூலையில் உயர்த்திய பிறகு 40,000 ரூபாய். விட்டுக்கொடுப்பது மலிவு. "இனிமேல் மேற்படி சொத்தில் எனக்கு யாதொரு பாத்தியமும் பின்தொடர்ச்சியும் கிடையாது" என்று அது முடியும். பின்தொடர்ச்சி என்ற சொல்லைப் பத்திரத்துக்கு வெளியே நான் அதிகம் பார்த்ததில்லை. தாத்தாவின் நஞ்சை சமயநல்லூர்ப் பக்கம் விற்பனைக்கு வந்தபோது, 2009இல், நானும் அப்படி ஒன்றில் கையெழுத்துப் போட்டேன். 2005 திருத்தம் வந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. எனக்குத் தெரியும். தெரிந்தே போட்டேன். இரண்டு அத்தைகளும் போட்டார்கள். ஆளுக்கு ஒரு பட்டுப்புடவை. அந்த வருடம்தான் என் முதல் கவிதைத் தொகுப்பு வந்தது.

ஏன் போட்டேன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். பிறந்த வீட்டு வாசல் மூடிவிடும் என்ற பயம்தான். தீபாவளிக்குப் போய் இறங்க ஒரு வீடு வேண்டும், அடித்தால் ஓடிவர ஒரு வீடு வேண்டும். அந்த வீட்டில் பங்கு கேட்டால் அது வீடாக இருக்காது என்று எல்லாப் பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இதற்கு நேர் எதிரான ஒரு சான்று இருக்கிறது. பீனா அகர்வாலும் பிரதீப் பாண்டாவும் திருவனந்தபுரம் மாவட்டத்தில் கல்யாணமான ஏறத்தாழ 500 பெண்களிடம் ஆய்வு செய்தார்கள். நிலமும் வீடும் இல்லாத பெண்களில் 49 சதவீதம் பேர் கணவனிடம் அடிபட்டிருந்தார்கள். இரண்டும் தன் பெயரில் உள்ளவர்களில் 7 சதவீதம். ஓடிவர ஒரு வீடு வேண்டும் என்று பங்கை விட்டுக்கொடுக்கிறோம். பங்கு இருந்திருந்தால் பலருக்கு ஓடிவர வேண்டிய நிலையே வந்திருக்காது.

அடுத்தது பவர். பொது அதிகார ஆவணம் என்று சொன்னால் எங்கள் ஊரில் யாருக்கும் புரியாது, 'பவர் எழுதிக் குடுத்தாச்சு' என்றால் புரியும். பெண்களையும் 'பவர்' என்ற சொல்லையும் சேர்த்து நான் அதிகம் கேட்டது இந்த வாக்கியத்தில்தான். அதிலும் எழுதிக் கொடுத்தாச்சு. வெளியூரில் இருக்கும் மகளுக்கும் நடமாட முடியாத தாய்க்கும் பவர் உண்மையிலேயே உதவும். ஆனால் எதற்குக் கொடுக்கிறோம் என்பதைப் பத்திரத்தில் குறுக்கி எழுதலாம் என்று யாரும் சொல்வதில்லை. வாடகை வசூலிக்க மட்டும், வழக்கு நடத்த மட்டும் என்று எழுதலாம். விற்கும் அதிகாரத்தைச் சேர்க்காமல் விடலாம். எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம். கொடுத்தவர் இறந்தால் பவரும் சாகும் என்பதால், அவர் உயிரோடு இருக்கிறார் என்று மருத்துவரிடம் சான்று வாங்கி வரச் சொல்கிறார்கள். உயிரோடு இருக்கிறாள் என்பதற்குச் சான்று கேட்கிறவர்கள் அவளுக்குச் சம்மதமா என்று இன்னொரு தடவை கேட்பதில்லை.

கொடுத்தவருக்கு நினைவு தப்பினாலும் பவர் செல்லாது. இது பலருக்குத் தெரியாது, குறிப்பாக நோயாளிக் கணவரைப் பார்த்துக்கொள்ளும் மனைவிகளுக்கு. கோமாவில் கிடந்த கணவரின் சொத்தை விற்று மருத்துவம் பார்க்க அனுமதி கேட்ட ஒரு பெண்ணைச் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி சிவில் நீதிமன்றத்துக்குப் போகச் சொன்னார். 2024 மே மாதம் நீதிபதிகள் ஜி.ஆர்.சுவாமிநாதனும் பி.பி.பாலாஜியும் அமர்ந்த அமர்வு அதை மாற்றி, அவளையே பாதுகாவலராக நியமித்தது. மலம் அள்ளிப் போட அவளுக்கு யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. வங்கிக்கும் மனைக்கும்தான் தேவைப்பட்டது.

இதுவரை சொன்னதெல்லாம் ஆண்கள் எழுதிய உயில். பெண் எழுதாத உயிலைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது. ஆறு முறை முதலமைச்சராகப் பதவியேற்ற ஜெயலலிதா 2016 டிசம்பர் 5இல் இறந்தபோது உயில் எதுவும் வெளிவரவில்லை. அண்ணன் பிள்ளைகள்தான் வாரிசுகள் என்று 2020 மே மாதம் உயர் நீதிமன்றம் சொன்னது. போயஸ் தோட்டத்து வீட்டை நினைவிடமாக்க அரசு கையகப்படுத்தியதும் 2021 நவம்பரில் ரத்தானது. ஊருக்கே கையெழுத்திட்ட பெண் தன் வீடு யாருக்கு என்று ஒரு தாளில் எழுதிவைக்கவில்லை. அல்லது எழுதியது நமக்குக் கிடைக்கவில்லை.

அவருக்காவது கல்யாணம் ஆகவில்லை, சொத்து பிறந்த வீட்டின் வழியில் போனது. கல்யாணம் ஆன இந்துப் பெண் உயில் எழுதாமல் இறந்தால் என்ன ஆகும் என்பதை 15ஆவது பிரிவு சொல்கிறது. முதலில் பிள்ளைகளும் கணவனும். அவர்கள் இல்லையென்றால் கணவனின் வாரிசுகள். அதற்கும் பிறகுதான் அவளைப் பெற்ற தாய் தந்தை. ஓம்பிரகாஷ் எதிர் ராதாசரண் வழக்கை என் மாணவிகளுக்கு ஒரு சிறுகதைபோலச் சொல்வதுண்டு. 1955இல் கல்யாணம், மூன்று மாதத்தில் பாம்பு கடித்துக் கணவர் சாகிறார், புகுந்த வீட்டார் அவளைத் துரத்துகிறார்கள். பிறந்த வீட்டுக்கு வந்து படித்து, வேலைக்குப் போய், வங்கியில் பணம் சேர்த்து, 1996இல் உயில் எழுதாமல் இறக்கிறாள். 2009இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பணத்தை யாருக்குக் கொடுத்தது தெரியுமா? துரத்திய வீட்டுக்கு. கணவனின் சகோதரி மகன்களுக்கு. அனுதாபம் சட்டம் ஆகாது என்ற தொனியில் தீர்ப்பு இருந்தது. 2025 நவம்பரில் இதே பிரிவை எதிர்த்த ஒரு மனுவில் உச்ச நீதிமன்றம் அதன் செல்லுபடியைத் தீர்மானிக்காமல் விட்டுவிட்டு, பெண்களே உடனே உயில் எழுதுங்கள் என்று கேட்டுக்கொண்டது. நல்ல யோசனைதான். ஓட்டைப் படகைச் சரிசெய்யாமல் நீச்சல் கற்றுக்கொள் என்பதுபோல் இருந்தாலும் நீச்சல் நல்லதுதான்.

எழுதுவது கடினமும் அல்ல. வெள்ளைத்தாள் போதும், முத்திரைத்தாள் வேண்டாம். எழுதியவர் கையெழுத்து, அதைக் கண்ணால் பார்த்து இரண்டு சாட்சிகளின் கையெழுத்து. பதிவு கட்டாயம் இல்லை, செய்தால் பிற்காலத்தில் உதவும். மனம் மாறினால் மாற்றி எழுதலாம். கடினம் 'நான்' என்று தொடங்குவதில் இருக்கிறது. நான் என் சம்பளத்தில் வாங்கிய மனையின் கிரயப் பத்திரத்தில்கூட 'புத்திர பவுத்திர பாரம்பரியமாய்' என்றுதான் இருந்தது. எனக்கு இருப்பது ஒரே மகள். மாற்றச் சொன்னேன். "அது ஃபார்மேட் மேடம்" என்றார் எழுத்தர். அரை மணி நேரம் வாதாடி 'வாரிசு பாரம்பரியமாய்' என்று திருத்தி வாங்கினேன்; அவருக்கு என் மேல் கோபம்.

போன வைகாசியில் அம்மாவை அதே எழுத்தரிடம் கூட்டிப்போனேன். அவளுக்கு முழு உரிமையோடு இருப்பது விராட்டிப்பத்தில் அவள் அம்மா எழுதிக்கொடுத்த மூன்று சென்ட் மட்டும். யாருக்கு எழுதப்போகிறாள் என்று நான் கேட்கவில்லை. எனக்குத்தான் என்று உள்ளுக்குள் நினைத்திருந்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

"மருமகளுக்கு எழுதுங்க தம்பி" என்றாள். எழுத்தர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த முருகன் காலண்டரைப் பார்த்தேன்.

"காரணம் என்ன போடட்டும்மா? அன்பின் பொருட்டுன்னு போட்டுரவா?"

"அவதேன் என்னக் குளிக்க வைக்கிறா. கால் வீங்குனா அவதேன் நீவி விடுறா. அதப் போடுங்க."

"அப்படியெல்லாம் போடுறது இல்லம்மா."

"ஏன், உண்மையத்தானே சொல்றேன்."

அவர் எழுதினார். 'என்னைக் குளிப்பாட்டிப் பராமரித்து வருவதை முன்னிட்டு' என்று. அம்மாவுக்கு அது பிடித்திருந்தது. நானும் கொஞ்சம் மூச்சு விட்டேன். தம்பி மனைவிக்குச் சொந்தமாக ஒரு முழம் இடம் எங்கும் கிடையாது என்பது எனக்கும் தெரியும். அப்போது அம்மா சொன்னாள்:

"அவ காலம் வரைக்கும் அவ அனுபவிக்கட்டும். அதுக்கப்புறம் பேரனுக்குன்னு போட்டுருங்க."

எழுத்தரின் பேனா தானாகவே ஓடியது. இந்த வாக்கியம் அவருக்கு மனப்பாடம். நான் அவர் கையைப் பிடிக்காத குறையாக நிறுத்தி, அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். 'வரவேண்டியது' என்றால் என்ன, 'கொள்ள வேண்டியது' என்றால் என்ன, அப்பா உயிலில் அவளுக்கு என்ன எழுதியிருக்கிறது, அந்த வீட்டை அவள் ஏன் அடகுகூட வைக்க முடியாது என்பதெல்லாம். முதல் தடவையாகக் கேட்பவள்போல் கேட்டாள்.

"அப்ப எனக்கு அந்த வீடு இல்லையா?"

எனக்குப் பதில் வரவில்லை. எழுத்தர் டீ வாங்கி வர ஆள் அனுப்பினார். டீ குடித்து முடிக்கும்வரை அம்மா எதுவும் பேசவில்லை. பிறகு, "யோசிச்சுச் சொல்றேன் தம்பி, இன்னைக்கு வேணாம்" என்று எழுந்தாள். ஆட்டோவில் காளவாசல் சிக்னல் வரும்வரை எதுவும் கேட்கவில்லை. சிக்னலில், "பேரனுக்கு எழுதாட்டி உன் தம்பி கோச்சுக்குவான்ல?" என்றாள்.

வரைவு என் கைப்பையில் இருக்கிறது. 'ஆயுட்காலம் வரை' என்ற இடத்தில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போகும்போது எடுத்துப்போகிறேன்.